கேள்விக்குறியாகிப் போன ஒரு மலர்

பாமினியில் ‘தமிழ்’ எண்டு அடிக்க ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. கொமினிகேசன் கடைகளில் இருந்த அக்காமார் இதைப் பாராமலே அடிப்பார்கள். கொம்பியூட்டருக்கு அது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு மட்டும் மேல ஒரு தமிழ் முகமூடியைப் போட்டுவிடும்.

நாங்கள் ஊரின் பழைய அந்தியேட்டி மலர்களைச் சேர்க்கத் தொடங்கினபோது இந்த முகமூடிதான் முதல் தலையிடி. கிணறு யார் வெட்டினது, எந்த இடப்பெயர்வில் எந்த வழியால் போனது என்பதெல்லாம் வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லை, இந்த மலர்களில்தான் இருக்கு. கிடைத்ததோ சிடியும் பென்ட்ரைவும்.

பாமினிக் கோப்பு வந்தால் பயமில்லை. மாற்றியில் போட்டால் யுனிகோட் ஆகிவிடும். என்ன, இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் அது தமிழ் எண்டு நினைச்சுப் பிசைஞ்சு வைக்கும். அதை ஆள் இருந்துதான் திருத்த வேணும்.

சில கோப்புகளில் தலையில் கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’உம் வரிவரியாக நிற்கும். பார்க்கத்தான் பயங்கரம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அதை மேற்கு ஐரோப்பியக் குறியேற்றமாக வாசித்தால் இப்படித்தான் தெரியும். உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கு. சேமிக்க மட்டும் வேண்டாம். விஎஸ் கோடில் வலது பக்கக் கீழ் மூலையில் குறியேற்றத்தின் பெயர் இருக்கும், அதை அழுத்தி ‘குறியேற்றத்துடன் மீண்டும் திற’ என்பதைத் தேர்ந்து யூடிஎஃப்-8 கொடுங்கள். பக்கத்திலேயே ‘குறியேற்றத்துடன் சேமி’ எண்டும் ஒண்டு இருக்கும். முதலாவது வாசிக்கிற விதத்தை மட்டும் மாற்றும். இரண்டாவது கோப்பையே மாற்றி எழுதும். அவசரத்தில் இரண்டையும் குழப்பினால் கதை கந்தல்.

கேள்விக்குறி வந்தால்தான் வேற கதை. பழைய நோட்பேட் ‘ஆன்சி’யில்தான் சேமிக்கும். யுனிகோட் தமிழை அதில் சேமித்தால் எழுத்துகள் தொலையும் எண்டு ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வரும். ‘ஓகே’ அழுத்தினால் ‘தமிழ்’ ஐந்து கேள்விக்குறியாகிவிடும். த, ம, விசிறி, ழ, குத்து எல்லாத்துக்கும் ஒரே குறி. திரும்ப எடுக்க எந்த மாற்றியாலும் ஏலாது. 2019இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலுக்குப் பிறகுதான் நோட்பேட் புதுக் கோப்புகளை யூடிஎஃப்-8இல் சேமிக்கத் தொடங்கினது.

எங்களுக்குக் கிடைத்த ஒரு மலர் அதற்கு முந்தினது. ஒரு இளைப்பாறிய வாத்தியாரின் வாழ்க்கை வரலாறு. பதினொரு பக்கமும் கேள்விக்குறி. இலக்கங்கள் மட்டும் தப்பி நிற்குது: 1958, 1977, 1983, 1995. அந்த ஆண்டுகளில் அவர் எங்கே நிண்டார், யாரோட போனார் எண்டு எழுதின வசனங்கள் இல்லை.

அச்சடித்த பிரதி ஒண்டு கனடாவில் மருமகள் வீட்டில் இருக்கலாமாம். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் எண்டிருக்கிறா.