மாவும் உப்பும் தண்ணீரும்

கடல் கடந்து சென்று வந்தவரிடம் நம்மவர் கேட்கும் கேள்விகள் இரண்டு. "என்ன கொண்டு வந்தீர்கள்?" என்பது ஒன்று, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை சொல்வது எனக்கு எளிதாகவே இருந்தது. மாணவருக்கு ஒரு பெட்டி மிட்டாய், அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை. இரண்டாவது கேள்விக்கு நேர்மையான விடை காண எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அந்த விடையையும் நானாகக் கண்டேனில்லை. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி எனக்குக் கற்பித்தாள்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரு வார விடுப்பெடுத்துப் பாரிஸ் மாநகருக்குச் சென்றிருந்தேன். கினிகத்தேனையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருத்தி தன் சம்பளத்தைக் கொண்டு எட்டிப் பார்க்கக்கூடிய ஊரன்று அது. 1983 ஜூலை வன்செயலின் பின்னர் நாட்டைவிட்டுப் போன என் சித்தப்பா, தம் மகளின் திருமணத்துக்கு என்னை அழைத்துப் பயணச்சீட்டும் அனுப்பியிருந்தார். லயக் காம்பரா ஒன்றிலே பிறந்து, பாரிஸ் உணவகங்களின் பின்கட்டிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்பை கழுவியும் காய்கறி நறுக்கியும் உழைத்தவர் அவர். நகரின் வடபுறத்தில், நம்மவர் பலர் வாழும் லா கூர்னெவ் என்ற புறநகரில், அடுக்குமாடி வீடொன்றின் ஆறாவது தளத்தில் அவர் குடியிருக்கிறார்.

கல்யாண வேலைகளுக்கிடையே ஒரு மாலை என்னை லாச்சப்பலுக்கு அழைத்துச் சென்றார். கார் து நோர் புகையிரத நிலையத்துக்கு அருகே தமிழர் கடைகள் நிறைந்த பகுதி அது. வாழைப்பூவும் முருங்கைக்காயும் விற்கும் கடைகளைக் கடந்து நடந்தோம். ஒரு பிரெஞ்சு இனிப்புக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் என் கால்கள் தாமே நின்றுவிட்டன. எத்தனை வண்ணங்கள்! எத்தனை வடிவங்கள்!

"ஒன்னு எடு புள்ள. வெலயப் பாக்காத. பாத்தா தொண்டயில எறங்காது" என்றார் சித்தப்பா.

நான் சுட்டிக் காட்டியது நீள்சதுரமான ஒரு பண்டம். காகிதம்போல் மெலிந்த மொறுமொறுப்பான மா அடுக்குகள், அவற்றினிடையே மஞ்சள் நிறப் பாலேடு, மேலே வெண்சீனிப் பூச்சு. கடித்தவுடன் அடுக்குகள் பொடிந்து சட்டையெல்லாம் உதிர்ந்தன. பாலேடு நாவில் கரைந்தது. அத்தகைய சுவையை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. பெயரென்ன என்று கேட்டேன். "மில்ஃபெய்" என்றார். ஆயிரம் இலை என்பது அதன் பொருளாம்.

அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஆயிரம் எலையா? நிறுத்தா எத்தன கிலோ வரும்?" என்று கேட்டார். இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பின்பும் அக்கேள்வி என்னை விட்டகலவில்லை. தோட்டத்திலே ஒரு நாட்சம்பளத்தைப் 'பேர்' என்று சொல்வார்கள். குறித்த கிலோ பறித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பகல் முழுவதும் மழையில் நின்ற பின்னரும் அரைப்பேரோடு அம்மா வீடு திரும்பிய நாட்கள் பலவுண்டு. தம் கூலியையே 'பேர்' என்றழைக்கும் இம்மக்களின் பெயர் எந்தத் தேயிலைப் பெட்டியிலும் இல்லை. மலையின் பெயர் இருக்கும், கம்பனியின் பெயர் இருக்கும், இலையின் தரம் இருக்கும்.

அந்த இனிப்பின் சீனிக்கும் ஒரு வரலாறுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் சீனி பெரும்பாலும் வந்தது செயின்ட் டொமிங் தீவிலிருந்து. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பு வெட்டினர். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் ஹெயிட்டி என்ற சுதந்திர நாட்டைப் பிரகடனம் செய்தனர். 1825இல் பிரான்சு தன் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய உடைமையாளர்களின் நட்டத்துக்கென்று 150 மில்லியன் பிராங்கை அதே மக்களிடம் கேட்டது. இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்தும் அந்த இனிப்பைக் கடைசித் துணுக்குவரை தின்றேன். உழைப்பவர் வீட்டுப் பிள்ளை நல்லதொரு பண்டத்தை ருசிப்பது பாவமென்று நான் கருதவில்லை. உலகின் இனிமைகள் எல்லார்க்கும் உரியவை என்பதற்காகத்தானே இத்தனை போராட்டமும்?

நிற்க. என்னை உண்மையில் தடுத்து நிறுத்தியது இனிப்பன்று, வெறும் பாண்.

மறுநாள் காலை சித்தப்பாவுடன் பாண் வாங்கப் போனேன். மூலைக்கடையின் கதவு அடைத்திருந்தது. வருடாந்த விடுமுறை, செப்டெம்பரில் திறப்போம் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஆகஸ்டில் பாரிஸில் இது வழக்கமாம். ஊதியத்தோடு கூடிய விடுமுறை அந்நாட்டுத் தொழிலாளருக்குத் தானாக வந்ததன்று. 1936 மே, ஜூன் மாதங்களில் இலட்சக்கணக்கானோர் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்து, ஆண்டுக்கு இரு வாரம் என்று அதனைப் பெற்றார்கள்.

இரண்டு தெரு தள்ளி மற்றொரு கடை திறந்திருந்தது. வாசலில் வரிசை நின்றது. பகெத் என்னும் நீண்ட பாணை ஒவ்வொருவரும் வாங்கி, நடுவிலே மட்டும் தாள் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்கள். கடையை விட்டு இறங்கிய மறுகணமே நுனியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்கள். கழுத்துப்பட்டி அணிந்த உத்தியோகத்தர் அப்படிச் செய்தார். சுண்ணாம்புக் கறை படிந்த கட்டடத் தொழிலாளி செய்தார். தாயின் கைப்பிடித்து நடந்த சிறுவனும் செய்தான். யாரும் எதையும் மறைக்கவில்லை.

"இதுல என்னதான் போடுறாங்க சித்தப்பா?"

"என்னத்தப் போடுறது? மாவு, உப்பு, தண்ணி. பொங்குறதுக்குக் கொஞ்சம் ஈஸ்ட்டு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! பாரம்பரியப் பாண் என்ற பெயரில் விற்பதற்கு அடிப்படையாக இந்நான்குமே போதுமென்றும், குளிரூட்டி உறையவைத்த மாவும் செயற்கைச் சேர்மானமும் கூடாதென்றும் 1993இல் அங்கே அரசு ஆணை பிறப்பித்தது. 2022 நவம்பரில் பகெத் சுடும் கைத்திறனையும் அதைச் சூழ்ந்த பண்பாட்டையும் மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. நகரின் சிறந்த பகெத்துக்கு ஆண்டுதோறும் பரிசும் உண்டு. வெற்றி பெறுபவர் ஓராண்டுக்குக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்குப் பாண் வழங்குவார். நான் சென்ற 2023ஆம் ஆண்டில் அப்பரிசைப் பெற்றிருந்தவர் தர்ஷன் செல்வராஜா; இலங்கையிலிருந்து சென்ற தமிழர். சித்தப்பா அந்தப் பெயரைச் சொல்லும்போது, முப்பது ஆண்டுகளாக ஒரு கதவுக்குப் பின்னால் நின்றவர் சற்றே முன்னால் வந்து நின்றது போலிருந்தது.

மாவும் உப்பும் தண்ணீரும்! என் அம்மாவும் அதைத்தான் பிசைந்தார். பிரட்டுக்குப் போகுமுன், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கோதுமை மாவிலே உப்பும் தண்ணீரும் விட்டு, தேங்காய் இருந்தால் துருவிச் சேர்த்து, கையால் தட்டிச் சுட்டெடுத்த ரொட்டி. தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல். அதைத்தான் நானும் பாடசாலைக்குக் கொண்டு சென்றேன். சோறும் கறியும் கொண்டுவரும் பிள்ளைகளின் நடுவே, டப்பாவின் மூடியைப் பாதி திறந்து, அந்த இடுக்கில் கையை விட்டுப் பிய்த்துத் தின்றேன். தோட்டத்துப் பிள்ளை என்று ரொட்டி காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் விழுந்த காலத்தில் அந்த ரொட்டியும் கிடைக்காமல் இலைகளை அவித்துத் தின்றதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார். அத்தனை அருமையான உணவை நான் ஒளித்துத் தின்றேன்.

பாரிஸ் தெருவில் நின்று, பகெத்தின் நுனியை மென்றபடி ஒரு தீர்மானம் செய்தேன். ஊருக்குத் திரும்பியதும் என் மாணவருக்கு இதைச் சொல்வேன். மூடியைத் திறந்துவைத்துச் சாப்பிடக் கற்பிப்பேன்.

அவ்வாறே செய்தேன். ஒரு நாள் இடைவேளையில் ஆறாம் வகுப்பினரோடு அமர்ந்து, என் ரொட்டி டப்பாவை மேசைமேல் அகலத் திறந்து வைத்தேன். பகெத்தின் கதையைச் சொன்னேன். யுனெஸ்கோவைச் சொன்னேன், எலிசே மாளிகையைச் சொன்னேன். பிள்ளைகள் ஆவலோடு கேட்டனர். மூலையில் மூடியைப் பாதி திறந்து வைத்திருந்த சிறுமி மட்டும் அதைத் திறக்கவில்லை. அருகே சென்று, "ஏன் பிள்ளை?" என்றேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நீங்க ஆசைக்குச் சாப்புடுறீங்க டீச்சர். எங்க வீட்டுல வேற இல்ல."

பல்கலைக்கழகத்தில் நான் கற்ற தமிழ் முழுவதிலும் அதற்கொரு மறுமொழி எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னர் ஆறுதலாக எண்ணிப் பார்த்தேன். பாரிஸ் மக்களும் ஒரு காலத்தில் வேறின்றித்தான் பாண் தின்றார்கள். 1789 அக்டோபர் 5ஆம் நாள், பாண் கிடைக்காத அந்நகரத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, மழையிலே வெர்சாய் அரண்மனைவரை நடந்தனர். மறுநாள் அரசனையும் அரசியையும் பாரிஸுக்குக் கொண்டுவந்தே ஓய்ந்தனர். அன்று அவர்கள் கேட்டது பண்பாட்டுப் பெருமையை அல்ல, வயிற்றுக்கு உணவை. அதன்பின் எத்தனையோ எழுச்சிகள், எத்தனையோ வேலைநிறுத்தங்கள். வேறு உணவுகளும் வீடு தேடி வந்த பிறகே, பாண் அவர்களுக்குப் பெருமையாயிற்று. நான் அந்த வரலாற்றின் கடைசி ஏட்டை மட்டும் கிழித்து வந்து ஒரு குழந்தையின் கையில் கொடுத்துவிட்டேன்.

ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு 2021இல்தான் நிறைவேறியது. மறு ஆண்டின் நெருக்கடியிலே கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறி அதை விழுங்கிவிட்டது. 2024இல் அது 1350 ரூபாயாயிற்று. அந்தச் சிறுமியின் மூடி பாதியிலே நிற்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. வெட்கத்தை உபதேசத்தால் போக்கலாமென்று நம்புவது நம் போன்ற ஆசிரியர்களின் பழைய நோய். ரொட்டியோடு ஒரு முட்டையும், ஒரு கோப்பை பாலும், மறுநாள் விரும்பினால் சோறும் இருக்கும் வீட்டிலே அந்த மூடி தானாகவே திறந்துகொள்ளும். அக்கணக்கைத் தீர்க்காமல் ரொட்டியின் பெருமை பேசுவது, பசித்தவனிடம் சுவையைப் பற்றிப் பிரசங்கம் செய்வதாகும்.

இப்போதும் நான் ரொட்டி கொண்டு செல்கிறேன். பிள்ளைகளோடு அமர்ந்து உண்கிறேன். பாடம் நடத்துவதில்லை. சில நாட்களில் இரண்டு முட்டை அதிகமாக அவித்து எடுத்துச் செல்கிறேன். அது தீர்வன்று என்பதை அறிவேன். தீர்வுக்கான பாடத்தை வரலாற்று ஆசிரியரும் நானும் சேர்ந்து, மேல் வகுப்புகளில், 1789இலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பவர்களுக்கு இன்று என் விடை இது: ஆயிரம் இலை தின்றேன், மிகவும் இனித்தது. ஆயிரமாயிரம் இலை பறித்த என் தாய் ஒரு நாளேனும் விலையைப் பாராமல் அதனைத் தின்னவேண்டும். அந்த மூலையில் அமர்ந்திருக்கும் பிள்ளையும், ஆசைக்கு, தின்னவேண்டும்.