எடை எங்கே உட்காருகிறது

ஷார்ஜாவின் காலித் காயலில் ஃபார்முலா ஒன் படகுப் பந்தயம் நடக்கும்போது, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் 200 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பாயும் படகுகளைப் பார்க்கக் கரை நிறையக் கூட்டம் நிற்கும். என் கண் போவது பின்பலகையில் தொங்கும் ஒற்றை என்ஜின் மேல். இந்தப் பந்தயத்தை நெடுங்காலம் ஆண்டது மெர்குரியின் இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. ஏறத்தாழ 400 குதிரைத்திறன். ஓட்டுகிறவரை விட்டுவிட்டால் படகும் என்ஜினும் சேர்ந்து அரை டன் அளவுதான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் துபாய். 1989இல் தொடங்கிய விக்டரி டீமின் ஊர். கிளாஸ் ஒன் என்ற ஆழ்கடல் பந்தயத்தில் அவர்கள் உலகப் பட்டங்களை வென்ற காலத்துப் படகுகளின் வயிற்றுக்குள் லம்போர்கினியின் பன்னிரண்டு சிலிண்டர் இன்போர்டுகள் இரண்டு இருந்தன. படகின் எடை 5 டன் அளவுக்கு வரும். அதுவும் 200ஐத் தாண்டிப் போகும்.

ஒரே கரையில் வேகத்துக்கு இரண்டு விடைகள். படகுப் பட்டறையில் வேலை பார்க்கும் என்னிடம், அவுட்போர்டா இன்போர்டா, எது நல்லது என்று கேட்பவர்கள் முதலில் கேட்பது எது வேகம் என்பதைத்தான். வேகத்தை இரண்டிலும் வாங்கிவிடலாம். என்ஜினின் எடை படகில் எங்கே உட்காருகிறது, அது கெட்டுப்போனால் ஒரு மனிதனின் கை அங்கே போகுமா என்ற இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் வேகத்துக்கு வர வேண்டும் என்பது என் கட்சி.

ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவின் மில்வாக்கியில் 1909இல் விற்கத் தொடங்கிய அவுட்போர்டின் திறன் ஒன்றரைக் குதிரை. ஏரியில் துடுப்பு வலிக்கும் வேலையை மிச்சப்படுத்தும் அளவுக்குத்தான் அது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், பெரிய சக்தி வேண்டுமென்றால் இன்போர்டு என்பதில் யாருக்கும் சந்தேகமே எழவில்லை. படகின் நடுவில் என்ஜின், அதிலிருந்து அடிப்பக்கம் வழியாகச் சாய்வாக இறங்கும் தண்டு, முனையில் புரொப்பல்லர், அதன் பின்னால் சுக்கான். உறுதியான ஏற்பாடு. ஆனால் தண்டு சாய்ந்திருப்பதால் உந்துவிசையில் ஒரு பங்கு படகை முன்னால் தள்ளாமல் வீணாகிறது. தண்டு, அதைத் தாங்கும் கால், சுக்கான் எல்லாம் சேர்ந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே போகின்றன. ஆழம் குறைந்த இடத்தில் எதையும் தூக்க முடியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஜிம் வின் என்ற பொறியாளரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1958இல் ஒரு சிறிய அவுட்போர்டு படகில் அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் வந்து சேர்ந்த ஆள் அவர். அவுட்போர்டின் கீழ்ப்பாதியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மேல்பாதிக்குப் பதிலாக ஒரு நல்ல கார் என்ஜினைப் படகுக்குள் வைத்தால் என்ன என்று யோசித்தார். அந்த யோசனையை வோல்வோ பென்டா 1959இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் அக்வாமேட்டிக் என்ற பெயரில் வைத்தது. நாம் ஸ்டெர்ன்டிரைவ் என்கிறோமே, அது இதுதான். இரண்டே ஆண்டில், 1961இல், மெர்குரியும் மெர்குரூசரோடு வந்துவிட்டது. உந்துவிசை நேராகப் பின்னோக்கிப் போகிறது, வெளியே இருக்கும் காலைத் தூக்கி இறக்கலாம், என்ஜின் மூடிய அறைக்குள் இருக்கிறது.

1960இல் நடந்த மயாமி–நாசாவ் கடல் பந்தயத்தை மறக்கக் கூடாது. ரே ஹன்ட் வரைந்த ஆழ்ந்த ‘வி’ அடியோடு, 31 அடி நீளமுள்ள மோப்பி என்ற படகு, கொந்தளித்த கடலில் 8 மணி நேரத்தில் முதலாவதாக வந்தது. அதில் இருந்தவை நடுவில் வைத்த இன்போர்டுகள். இரண்டாவது வந்தது ஜிம் வின் ஓட்டிய படகு. அதே மாதிரி அடி. பின்னால் சின்னஞ்சிறு ஸ்டெர்ன்டிரைவ்கள் இரண்டு. முதல் இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருந்தது அடியின் வடிவம்தான், என்ஜினின் இடம் அல்ல. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் என்ஜின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படகு வாங்க வருகிறவர்களிடம் இந்தப் பந்தயத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

இப்போது காற்று அவுட்போர்டு பக்கம் பலமாக வீசுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. மெர்குரி ரேசிங் 2019இல் கொண்டுவந்த 450 குதிரைத்திறன் என்ஜின் 313 கிலோதான். 2021இல் வந்த பன்னிரண்டு சிலிண்டர் வெராடோ 600 குதிரை. இரண்டு கியர் கொண்டது. திருப்பும்போது என்ஜின் அசையாமல் நிற்க, தண்ணீருக்குள் இருக்கும் கால் மட்டும் திரும்புகிறது. ஜிம் வின் காலத்தில் இதை யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதன் எடை 572 கிலோ. இரண்டு மாட்டினால் ஒரு டன்னுக்கு மேல், அதுவும் பின்பலகைக்கு வெளியே.

நிறைகுடத்தை இடுப்பில் அணைத்து நடப்பதற்கும், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! குடம் அதேதான், நடப்பவர்தான் வேறு ஆளாகிவிடுகிறார். எடை கடைக்கோடியில் தொங்கும் படகு கிளம்பும்போது அணியத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கும். எதிரே யார் வருகிறார்கள் என்று ஓட்டுகிறவருக்குச் சில நொடிகள் தெரியாது. வேகமெடுத்த பிறகும் சில படகுகள் தலையாட்டியபடியே ஓடும். அலையில் எழும்பி விழும்போது பின்பகுதி முதலில் அறையும். அந்த அறை நேராக உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்குப் போகும். நடுவில் தாழ்வாக என்ஜின் இருக்கும் படகு அதே அலையைச் சமமாக வாங்கிக்கொள்ளும். நல்ல படகுகட்டிகள் இதை அறிந்து, அவுட்போர்டுக்கென்றே அடியை மாற்றி, பின்புறத்தின் மிதப்பைக் கூட்டி, எண்ணெய்த் தொட்டியை முன்னால் தள்ளிக் கட்டுகிறார்கள். இன்போர்டுக்காக வரைந்த பழைய படகின் பின்பலகையை வெட்டி அவுட்போர்டு மாட்டுகிறவர்களைத்தான் நான் மறித்து நிறுத்துவேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் வலுவானது. வளைகுடாவின் தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு 40 பங்கு அளவில் இருக்கிறது. திறந்த சமுத்திரத்தில் அது 35 பங்குதான். ஆகஸ்டில் மேற்பரப்பு வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும். இந்தச் சூடான உப்புநீரை உறிஞ்சித்தான் என்ஜின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். அவுட்போர்டு வேலை முடிந்ததும் தண்ணீரை விட்டு மேலே சாய்ந்துவிடும். நல்ல தண்ணீர்க் குழாயை மாட்டி உள்ளே கழுவிவிடலாம். ஸ்டெர்ன்டிரைவின் காலைத் தூக்கினாலும் அது முழுவதும் வெளியே வராது, படகு நிற்கும் நேரமெல்லாம் தண்ணீருக்குள் ஊறுகிறது. பின்பலகை வழியாக அது வெளியே வரும் இடத்தில் கடலைத் தடுத்து நிற்பது ரப்பர் உறைகள். அவற்றில் ஒன்று கிழிந்தால் நங்கூரத்தில் நிற்கும் படகு யாரும் பார்க்காமல் மூழ்கத் தொடங்கும்.

பெட்ரோல் இன்போர்டில் இன்னொரு பயமும் உண்டு. கசிந்த பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது, அடிப்பள்ளத்தில் தேங்கும். சாவியைத் திருப்புமுன் குறைந்தது 4 நிமிடம் ஊதுவிசிறியை ஓட்ட வேண்டும் என்ற விதியை நான் எந்த முதலாளிக்காகவும் எந்த அவசரத்துக்காகவும் தளர்த்துவதில்லை. அவுட்போர்டில் ஆவி போக வானம் இருக்கிறது.

இன்போர்டு அறைக்குள் ஆகஸ்டில் குப்புறப் படுத்து, என்ஜினுக்கும் படகுச் சுவருக்கும் இடையே ஒரு கையை மட்டும் நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத நட்டைத் தடவித் தடவிக் கழற்றுகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்களும் மலையாளிகளும் வங்காளிகளும்தான். படகு வரைகிறவர் அந்த அறையில் ஒரு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு காகிதத்தில் கோடு போட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். கை போகாத இடத்தில் பராமரிப்பும் நடக்காது.

குமரிக் கரையில் வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. எங்கள் ஃபைபர் படகுகளில் 10 குதிரைக்கும் குறைவான அவுட்போர்டுதான். கரையோர அலையை உடைத்து வந்து மணலில் ஏறும் கணத்தில் அதைக் கையால் சாய்த்துத் தூக்கிவிடலாம் என்பதுதான் அதன் முதல் தகுதி. நிலையான தண்டோடு டீசல் இன்போர்டு வைத்த படகு அந்த மணலில் ஏற முடியாது. அதற்குத் துறைமுகம் வேண்டும். 1980களில் சென்னையை மையமாகக் கொண்ட ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டத்தார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சிறிய டீசல் என்ஜினையும் தண்டையும் புரொப்பல்லரையும் ஒரே கட்டாக்கி, முழுவதையும் சாய்த்துத் தூக்கும்படி படகுக்குள் பொருத்தினார்கள். டீசலின் சிக்கனமும் வேண்டும், மணலில் ஏறவும் வேண்டும் என்ற ஏழைக் கடலோடியின் தேவையிலிருந்து பிறந்தது அது. மயாமிப் பணக்காரர்களின் படகுக்கு ஜிம் வின் யோசித்ததற்கு நான் இதை ஒரு படிகூடக் கீழே வைக்க மாட்டேன்.

நாகப்பட்டினத்து அண்ணன் ஒருவர் இங்கே ஒரு முதலாளியிடம் படகோட்டியாக இருக்கிறார். 33 அடித் திறந்த படகு வாங்கப் போகிறார்கள். “தம்பி, 300 குதிரை அவுட்போர்டு இரண்டா, உள்ளே வைக்கிற ஸ்டெர்ன்டிரைவ் இரண்டா? முதலாளி என்னையே முடிவு பண்ணச் சொல்லிட்டார்” என்றார்.

“யாரெல்லாம் ஏறுவாங்கண்ணே? பிள்ளைங்க பின்னால குதிச்சு நீந்துவாங்களா? பலகையில நின்னு சறுக்குவாங்களா?”

சறுக்குகிறவர்கள் இருந்தால் விடை வேறு. அதற்கென்று கட்டிய இன்போர்டு படகில் புரொப்பல்லர் அடியில் மறைந்திருக்கும். பின்னால் இருப்பவரின் காலுக்கு எட்டாது. இரவு தங்கும் பெரிய படகென்றால் டீசல் இன்போர்டைச் சொல்லியிருப்பேன். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் போகத் துடிக்கிறவருக்கும் இன்போர்டு பக்கம்தான் கை காட்டுவேன்: மெர்குரி ரேசிங்கின் 9 லிட்டர் இரட்டை டர்போ இன்போர்டு ஒன்றே 1,350 குதிரை தருகிறது. அதே சக்திக்கு 450 அவுட்போர்டு மூன்று வேண்டும். சிகரெட் என்ற படகு நிறுவனம் 2020இல் காட்டிய 59 அடிப் படகில் அப்படிப்பட்ட அவுட்போர்டுகள் ஆறு வரிசையாக நிற்கின்றன. மொத்தம் 2,700 குதிரை, ஏறத்தாழ 1,880 கிலோ. அழகான படகுதான். ஆனால் ஆறு என்ஜினுக்கு ஆறு எண்ணெய் மாற்றம், ஆறு நீர்ப்பம்பு, ஆறு புரொப்பல்லர்.

அண்ணனின் படகு இதில் எதுவும் இல்லை. மீன்பிடிக்க, தீவுவரை போய்வர. “அவுட்போர்டே போடுங்கண்ணே. ஆனா வெறும் படகை ஓட்டிப் பார்த்துட்டு கையெழுத்துப் போட்டுராதீங்க. தொட்டி நிறைய எண்ணெய், ஏறப்போற அத்தனை பேர், ஐஸ் பெட்டி எல்லாத்தையும் ஏத்தி, மத்தியானக் காத்துல கொண்டு போங்க. அலையைப் பின்னால விட்டு ஓட்டுங்க. நல்ல வேகத்துல இருந்து சட்டுனு குறைச்சுப் பாருங்க, நம்ம அலையே பின்பலகை மேல ஏறுதான்னு.”

ஏறியது என்று தொலைபேசியில் சொன்னார். கொஞ்சம்தான், ஆனால் ஏறியது. பின்னால் என்ஜின்களை ஒட்டியே பேட்டரிகள் நான்கும் வைத்திருந்தார்களாம். அவற்றை நடுவுக்கு நகர்த்தச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கம்பி நீளும்போது அதன் தடிமனையும் கூட்டினால்தான் ஸ்டார்ட்டருக்கு முழு மின்சாரம் போய்ச் சேரும் என்று அளவோடு எழுதி அன்றே அனுப்பினேன்.