லீவு நாளின் விலை

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டியது 1613-இல். கெல்ட்ரியா என்று பெயர். சோழமண்டலக் கரைக்கே அவர்களுக்கு அதுதான் தலைமையிடம். 1690-இல் அது நாகப்பட்டினத்துக்கு மாறிப் போனது. கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. மிச்சம் இருப்பது தொல்லியல் துறை காத்துவரும் கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் காட்டித்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளைச் சாப்பிட வைப்பார்கள்.

2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. உலகக் கோப்பையில் அன்று பெங்களூருவில் இந்தியாவுக்கு எதிராக ஆடியது அதே நெதர்லாந்து. நான் பொன்னேரியிலிருந்து குடும்பத்தோடு குப்பத்துக்கு வந்திருந்தேன். என் சித்தப்பா மகன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, “நம்ம ஊர்ல வரி வாங்கினவனுங்க, இன்னைக்கு வட்டியோட குடுக்கலாம்” என்றான். வட்டியோடுதான் கொடுத்தார்கள். இந்தியா 4 விக்கெட்டுக்கு 410. முதல் ஐந்து பேரும் ஐம்பதைத் தாண்டினார்கள், ஸ்ரேயஸும் ராகுலும் சதம். போதாததற்குக் கோலியும் ரோகித்தும் பந்து வீசி ஆளுக்கொரு விக்கெட் எடுத்தார்கள். வெளியே வெடிச் சத்தம் எது தீபாவளிக்கு, எது கிரிக்கெட்டுக்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆட்டம் முடியும்வரை தம்பி இருக்கவில்லை. நெதர்லாந்து மட்டை பிடிக்க வந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினான். “எங்கடா?” என்றேன். “அமாவாசைண்ணே” என்றான். அதற்கு மேல் விளக்கம் இல்லை. விளக்கம் கேட்ட என்னைத்தான் என் நைனா ஒரு மாதிரி பார்த்தார்.

பழவேற்காட்டு ஏரிக்காரனுக்குத் தீபாவளி வருவது தப்பான நேரத்தில். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டும். முகத்துவாரம் நன்றாகத் திறந்திருக்கும். அமாவாசையை ஒட்டி நீரோட்டம் வலுக்கும். தண்ணீர் கடலை நோக்கி வடியும்போது ஏரியில் வளர்ந்த இறாலும் அதோடு வெளியே ஓடும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே வலை நிறுத்துகிறவனுக்கு வருஷத்தில் நாலு காசு பார்க்கிற காலம் இதுதான். பண்டிகையோ அமாவாசையை விட்டு நகராது. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி கட்டி இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டவன், பொழுது சாய்ந்தால் பழைய துணிக்கு மாறி இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த ராத்திரி திரும்ப வராது.

அதுவும் பாடு விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறை வைத்துக்கொண்டு, ஊருக்குள் யார் எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிற ஏற்பாடு தலைமுறைகளாக நடக்கிறது. இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளே வந்திருக்கின்றன. பொதுச் சொத்தை அரசு தலையிடாமல் மக்களே பங்கிட்டுக்கொள்ளும் முறை என்று பாராட்டி எழுதுகிறார்கள். பாராட்டு சரிதான். ஆனால் அந்தச் சீட்டில் பெயர் இருப்பது தலைக்கட்டுள்ள பட்டினவர் ஆண்களுக்கு மட்டும். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் பாடும் இல்லை, சீட்டும் இல்லை. கட்டுரைகளில் இது ஒரு வரியில் போய்விடுகிறது.

என் நைனா சீட்டை நம்பியவர். சாமியை நம்பினார் என்று சொல்வதைவிட இது சரியாக இருக்கும். நல்ல இடம் விழுந்தால் ஆட்டம் போடமாட்டார். மோசமான இடம் விழுந்தால் புலம்பமாட்டார். “அடுத்த முறை இருக்குல்ல” என்பார். இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பாடு முறை தந்த பயிற்சி என்றுதான் தோன்றுகிறது. அதே மனிதர், இந்தியா தோற்ற நவம்பர் 19 ராத்திரி, டிராவிஸ் ஹெட்டை ஆறு தலைமுறைக்கு இழுத்துத் திட்டினார். ஒன்பது லீக் ஆட்டங்களையும் ஜெயித்து, அரையிறுதியும் ஜெயித்து, கடைசியில் கோட்டை விட்டதை அவரால் பொறுக்க முடியவில்லை. கிரிக்கெட்டில் சீட்டு இல்லையே, திறமைதானே என்பது அவர் வாதம்.

நான் சம்பள ஆளாகிப் பொன்னேரியில் குடியேறியது என் வாழ்க்கையில் பெரிய மாற்றம் என்று வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். படிப்பு, வேலை, மாடி வீட்டில் வாடகை. எனக்கு மாற்றமாகத் தெரிவது வேறு. லீவு எனக்குச் சும்மா கிடைக்கிறது. தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், பொங்கல், எல்லாவற்றுக்கும் அன்றைய சம்பளம் வந்துவிடும். நான் கும்பிடுவதற்கும் கைதட்டுவதற்கும் காசு போகாது. குப்பத்தில் ஒருவன் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால், சாமிக்காக இருந்தாலும் தோனிக்காக இருந்தாலும், அன்றைய பிடிப்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் உட்காருகிறான். அதனால் எந்தப் பண்டிகைக்கு வலையைக் கரையில் போடுவது, எதற்குப் போடக்கூடாது என்பதில் அவர்களுக்கு ஒரு தெளிவு இருக்கிறது. எனக்கு அந்தத் தெளிவு போய்விட்டது. எல்லாப் பண்டிகையையும் ஒரே மாதிரி கொண்டாடுகிறேன். அதாவது மதியம் சாப்பிட்டுத் தூங்குகிறேன்.

நைனாவின் கணக்கில் மகிமை மாதா திருவிழாவுக்கு வலை கிடையாது. நாங்கள் கோயில்காரர்கள், ஆனாலும் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போவோம். 1515-இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய ஆலயம் என்பது ஊர் வழக்கு. ஈஸ்டருக்குப் பின்னால் தேர் வரும்போது எங்கள் தெருப் பெண்கள் உப்பும் மிளகும் எடுத்து நேர்ந்துகொள்வார்கள். பெரிய பள்ளிவாசலில் குழந்தைக்கு ஓதி ஊதச் சொல்லி வாங்கி வருவதும் உண்டு. இதை மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். கடலுக்குப் போகிற வீட்டில் எந்தக் கதவையும் தட்டாமல் விடுவதில்லை, அவ்வளவுதான். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. திருவிழாவுக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் முதுகில் 7 போட்ட ரொனால்டோ ஜெர்சி. போர்ச்சுகல்காரன் கட்டிய கோயிலுக்குப் போர்ச்சுகல் சட்டை போட்டு வருகிறோம் என்று ஒருவனுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. மீதிப் பாதி மெஸ்ஸி. அவர்களுக்கு 2022 டிசம்பர் 18 ராத்திரிதான் பெரிய திருவிழா.

அந்தத் தீபாவளிக்குப் பின் வந்த 2023 டிசம்பரை நினைத்தால் வயிறு கலங்குகிறது. முதல் வாரம் மிக்ஜாம் புயல். அது ஓய்வதற்குள் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. எங்கள் மீனில் எண்ணெய் இருக்கிறதோ இல்லையோ, வாங்குகிறவர் மனதில் இருந்தது. ஏலத்தில் கேட்க ஆளில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேக் எங்கள் தெருவுக்கு வந்தது, ஆனால் துண்டு சின்னது.

டிசம்பர் 25-ம் 26-ம் எங்கள் பக்கம் ஒட்டிப் பிறந்த நாட்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். விடுமுறைக்கு வந்த குடும்பங்கள். அதன் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. மறுநாள் 26, சுனாமி நாள். 2004-இல் அது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஏரியும் மணல்திட்டும் கொஞ்சம் தாங்கிக்கொண்டதால் நாகப்பட்டினத்துக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை. ஆனாலும் படகும் வலையும் போயின. கட்டுமரம் போன இடத்தில் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன. அதன் பிறகு கரையின் நிறமே மாறிவிட்டது. இன்றைக்கும் 26-ஆம் தேதி காலையில் கடலில் பாலும் பூவும் விடுகிறார்கள். அன்று கடலுக்கு லீவு. அரசு கொடுத்த லீவு இல்லை.

கிரிக்கெட் பார்க்கிறவனுக்கு டிசம்பர் 26 வேறு ஒரு நாள். மெல்போர்னில் பாக்சிங் டே டெஸ்ட் தொடங்கும். சுனாமி வந்த அதே காலையில் அங்கே ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டு வாரம் கழித்து, 2005 ஜனவரி 10 அன்று, அதே மைதானத்தில் சுனாமி நிவாரணத்துக்காக உலக அணியும் ஆசிய அணியும் மோதின. பாண்டிங் சதம் அடித்தார். உலக அணி 112 ரன்னில் ஜெயித்தது. முரளிதரனும் ஆசிய அணியில் ஆடினார். பள்ளிக்கூடப் பையனாக அதை ஒரு டீக்கடையில் நின்று பார்த்தேன். எங்களுக்காக ஆடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். டிவியில் நல்ல கூட்டம், பச்சைப் புல். நம் அணி தோற்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது. நிவாரண ஆட்டத்தில் யார் ஜெயித்தால் என்ன என்று அந்த வயதில் தோன்றாது. இந்த வயதிலும் முழுசாகத் தோன்றவில்லை.

பிறகு ராக்கெட் லீவு. ஸ்ரீஹரிகோட்டாவும் இதே ஏரிக்கும் கடலுக்கும் இடையில் இருப்பதுதான். ஏவுகிற அன்று கடலுக்குப் போகக்கூடாது என்று முன்கூட்டியே தகவல் வந்துவிடும். 2023 ஜூலை 14, சந்திரயான்-3 போனது வெள்ளிக்கிழமை மதியம் 2.35-க்கு, ஜும்ஆ முடிந்த கூட்டமும் சென்னையிலிருந்து கார் போட்டு வந்த கூட்டமும் கரையில் ஒன்றாக அண்ணாந்து நின்றன. 2024-இல் புத்தாண்டு பிறந்ததே ராக்கெட்டோடுதான்: ஜனவரி 1 காலை 9.10, பிஎஸ்எல்வி-சி58. புயலிலும் எண்ணெயிலும் வருமானம் போன மாதத்துக்குப் பின்னால் முதல் தேதியே கடலுக்குப் பூட்டு. நைனா புகையைப் பார்த்துவிட்டு, “நல்லா போச்சு” என்றார். ராக்கெட்டையா, நாளையா என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவு சொன்னதால் குப்பத்தில் எல்லாப் பொழுதும் நஷ்டக் கணக்குதான் என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கு சரியாக விழுந்த ராத்திரியும் உண்டு. 2023 ஐபிஎல் இறுதிப் போட்டி மழையால் ஒரு நாள் தள்ளி, மே 29 திங்கட்கிழமைக்குப் போனது. அன்றும் மழை. குஜராத்துக்கு 96 அடித்தது நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன். அவனைத் திட்டுவதா மெச்சுவதா என்று தெருவே குழம்பியது. சென்னைக்கு 15 ஓவரில் 171 என்று இலக்கை மாற்றி, ஆட்டம் மறுபடி தொடங்கும்போதே நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் மறுநாள் ஆபீஸை நினைத்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். தமிழ்நாடு முழுக்க என்னைப் போல்தான் இருந்திருப்பார்கள். குப்பத்துப் பையன்கள் மட்டும் தெளிவாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அது விழித்திருக்கிற நேரம்தானே. கடைசி இரண்டு பந்தில் 10 ரன். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். தெருவில் யார் யாரைத் தூக்கினார்கள் என்றே தெரியவில்லை. மணி ஒன்றரை தாண்டியிருந்தது.

அப்படியே மஞ்சள் சட்டையோடு இஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். காசிமேட்டில் பெரிய படகெல்லாம் கட்டிக் கிடக்கும்போது சின்னப் படகு மீனுக்குத்தான் கிராக்கி. காலையில் நான் பொன்னேரி பஸ்ஸுக்கு நின்றபோது தம்பி ஏலத்திலிருந்து வந்தான். கண் சிவந்திருந்தது. “கொடுவா பட்டுச்சுண்ணே, நல்ல வெலை. நீ போய் லீவு சொல்லிட்டுத் தூங்கு” என்று சொல்லிவிட்டுப் போனான்.