நெடுந்தீவும் நம் கைத்தொலைபேசியும்

தூரப் பயணம் புறப்படுகின்றவர்கள் முதல்நாள் இரவே கட்டுச்சோறு கட்டி, செம்பிலே தண்ணீர் நிறைத்து வைத்துக்கொள்வது நம் முன்னோர் வழக்கம். இக்காலத்திலோ சோற்றை மறந்தாலும் மறப்போம். கைத்தொலைபேசிக்கு மின்னூட்ட மறப்பதில்லை. போகுமிடமெல்லாம் அதனை நீட்டிப் பிடித்து நூற்றுக்கணக்கிற் படமெடுக்கின்றோம். வீடு திரும்பியபின் அவற்றுள் ஒன்றையேனும் மனநிறைவோடு பார்க்க முடிகின்றதா என்றால், பெரும்பாலும் இல்லை என்பதே விடை. கருவி குறைந்ததன்று, அதனை எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டுமென்பதை நாம் கற்றுக்கொள்ளாததே குறை. அதனை நாம் கற்றுக்கொண்ட கதை இது.

எம் அன்னையாருக்கு இப்பொழுது 76 வயது. அவர் பிறந்து வளர்ந்த ஊர் நெடுந்தீவு. மணமாகி யாழ்ப்பாணம் வந்தபின் ஊருக்குப் போய்வந்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசியில் ஊரோடு ஊராக நாமும் இடம்பெயர்ந்தபோது, குடும்பப் படங்கள் அடங்கிய தகரப்பெட்டியை வீட்டிலே விட்டுச் சென்றோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் காலமான எம் தந்தையாரின் உருவமென்று எஞ்சியது அவருடைய அடையாள அட்டையிலிருந்த சிறு படம் ஒன்றே. அதனைப் பெருப்பித்துச் சட்டமிட்டு மாட்டியிருக்கின்றோம். கண்கள் இரண்டும் வெறும் கரும்புள்ளிகளாகவே தெரியும். அன்னையார் விடயத்திலும் அப்படி ஆகிவிடலாகாது என்னும் எண்ணமே, சென்ற பங்குனி மாதத்தில் அவரையும் எம் தமக்கையாரின் மகனையும் அழைத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் புறப்படச் செய்தது. தமக்கையார் இருப்பது கனடாவில். விடுமுறைக்கு வந்திருந்த மருமகனுக்கோ கைத்தொலைபேசியின் நுட்பமெல்லாம் கைவந்த கலை.

பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவுக்குள் நுழைந்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தோம். அங்கிருந்து படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கடற்காற்று முகத்தில் அறைய, அன்னையார் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு படகின் ஓரத்திலே அமர்ந்திருந்தார். படமெடுத்தோம். படம் முழுவதும் புகை மூட்டம்போல் இருந்தது. மருமகன் சிரித்துவிட்டு, “மாமா, முதலிலை கண்ணாடியைத் துடையுங்கோ” என்றான். உப்புத் தூவானமும் விரலிலிருந்த எண்ணெய்ப்பசையும் அந்தச் சிறு கண்ணாடிவில்லையை மூடியிருந்தன. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தபின் கடலும் தெளிந்தது, வானும் தெளிந்தது. எந்த அமைப்பை மாற்றுவதற்கும் முன்னர் செய்யவேண்டிய முதற்காரியம் இதுவே.

மறுபடி எடுத்தோம். இப்பொழுது கடல் பளிச்சென்றிருந்தது. அன்னையாரின் முகமோ கரிபூசியதுபோல் இருண்டிருந்தது. இதற்குக் காரணமுண்டு. முன்னாலுள்ள காட்சி முழுவதையும் சராசரி வெளிச்சமுடையதாகக் கொண்டு ஒளியை அளந்துகொள்வது கமெராவின் இயல்பு. பின்னாலே மின்னும் கடல் இருந்தால், ஒளி மிகுதியென்று கருதி அனைத்தையும் இருட்டாக்கிவிடும். எனவே திரையில் முகத்தின்மீது விரலால் ஒருமுறை தொடவேண்டும். அருகிலே தோன்றும் சூரியன்போன்ற அடையாளத்தைச் சிறிது மேலே தள்ளினால் முகம் வெளிச்சம் பெறும். விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அவ்வளவும் குவியமும் அப்படியே பூட்டப்பட்டு நிற்கும். எச்.டி.ஆர். என்னும் அமைப்பு இயங்குநிலையில் இருப்பதும் நன்று. அது வெவ்வேறு ஒளியளவிற் சில படங்களைக் கணத்தில் எடுத்து ஒன்றாக இணைத்து, வானத்தையும் முகத்தையும் ஒருங்கே காப்பாற்றும்.

தீவிலே இறங்கி முச்சக்கரவண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டோம். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரின் பெயரையே சூட்டி டெல்வ்ற் என்று அழைத்த இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். வழியின் இருமருங்கும் முருகைக்கல் வேலிகள். சுண்ணாம்புச் சாந்து எதுவுமின்றிக் கல்லின்மேற் கல்லாக அடுக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக நிற்பவை. பனைகளின் நிழல் அவ்வேலிகளிலே கோடு கோடாக விழுந்திருந்த அழகைச் சொல்லி முடியாது.

வெட்டவெளியிலே குதிரைகளைக் கண்டோம். ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் இங்கே கொண்டுவந்து வளர்க்கப்பெற்றவற்றின் வழித்தோன்றல்கள் அவை. இன்று கடிவாளமின்றித் தாமாகவே திரிகின்றன. தொலைவிலே நின்ற ஒன்றைப் பெருப்பித்து எடுக்க முயன்று இரு விரல்களால் திரையை விரித்தோம். விளைந்தது குதிரையோ கழுதையோ என்று ஐயுறத்தக்க படம். பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் அவ்வாறு விரிப்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பிப்பதேயன்றி உண்மையில் அண்மையாக்குவதன்று. தனி வில்லைக்கென்று திரையிற் குறிக்கப்பட்ட 1, 2, 3 போன்ற எண்களை மட்டும் பயன்படுத்த வேண்டும். அதற்கு மேல் வேண்டுமாயின் நம் கால்களே நல்ல கருவி. ஓடும் குதிரையைப் பிடிக்கத் தொழில்முறை அமைப்பிற் சென்று, திரை மூடும் வேகத்தை ஒரு செக்கனின் 1000இல் ஒரு பங்காக்கினோம். நண்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100 அளவிலே வைத்திருந்தாலும் ஒளி போதும். அந்த எண் உயர உயரப் படத்திலே மணல் தூவியதுபோற் புள்ளிகள் பெருகும்.

பின்னர் புகழ்பெற்ற பெருக்குமரத்தடிக்குப் போனோம். உள்ளே ஆள் நுழைந்து நிற்கத்தக்க பொந்துடைய பருத்த மரம் அது. ஆபிரிக்க நாட்டுக்குரிய இம்மரம் அராபிய வணிகர்களால் இங்கு வந்ததென்பர். முழு மரமும் அடங்கவேண்டுமென்று மிக அகன்ற வில்லையை நாம் தெரிந்தபோது மரம் அடங்கிற்று. ஓரத்திலே நின்ற அன்னையாரின் உருவமோ பக்கவாட்டில் இழுபட்டுப் போயிற்று. அகன்ற வில்லையின் ஓரத்தில் ஆட்களை நிறுத்தலாகாது என்பதை அங்கு கற்றோம். திரையில் நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகளைக் காட்டும் அமைப்பையும் இயக்கிக்கொண்டோம். அடிவானம் சாயாதிருக்க அக்கோடுகள் உதவும்.

நிற்க. நாம் வந்த காரியம் இவையல்லவே!

மாலை நான்கு மணியளவில் அன்னையார் பிறந்த வளவை அடைந்தோம். வீடு இல்லை. அத்திவாரத்தின் ஒரு மூலையும், கிணறும், தெருவோர முருகைக்கல் மதிலுமே எஞ்சியிருந்தன. அன்னையார் ஒன்றும் பேசாமல் அம்மதிலருகே போய், மேற்கல் ஒன்றின்மீது கையை வைத்துக்கொண்டு நின்றார்.

உச்சி வெயிலிற் படமெடுத்தால் கண்குழிகள் இருண்டுவிடும்; மாலை ஒளியோ பக்கத்திலிருந்து வந்து முகத்தின் ஒவ்வொரு கோட்டையும் மெதுவாகத் தடவிக் காட்டும். முகத்துக்கு மிக அண்மையிற் பிடித்தால் மூக்குப் புடைத்துத் தோன்றும் என்று மருமகன் சொன்னபடி, இரண்டடி பின்வாங்கி 2 என்னும் வில்லையைத் தெரிந்தோம். எடுத்துப் பார்த்தபோது திடுக்கிட்டோம். அன்னையாரின் முகத்திலே சுருக்கம் ஒன்றுமில்லை! நிறமும் இரண்டு மடங்கு வெளுத்திருந்தது. அழகூட்டும் அமைப்பொன்று நாம் அறியாமலே இயங்கிக்கொண்டிருந்தது. 76 ஆண்டு வாழ்வு எழுதிய கோடுகளை ஒரு கணத்திலே அழித்துவிட்ட அக்கருவியின் துணிவை என்னென்பது! அதனை உடனே நிறுத்தினோம்.

அடுத்து, பின்புலத்தை மங்கலாக்கும் உருவப்பட அமைப்பில் ஒன்று எடுத்தோம். முகம் தெளிவாக, பின்னால் யாவும் பஞ்சுபோலக் கரைந்து, கடையிலே எடுத்த படம்போல் இருந்தது. பெருமையோடு அன்னையாரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, என்ரை முகம் பிடிச்சது காணும். உந்த மதில் எங்கை?”

நாம் வெட்கிப்போனோம். எதற்காகக் கடல் கடந்து வந்தோமோ அதனையே ஓர் அழகுக்காக அழித்திருந்தோம். அவ்வமைப்பையும் நிறுத்தி, இயல்பான முறையில், மதிலின் ஒவ்வொரு கல்லும் தெரிய ஒரு படம் எடுத்தோம். எந்த அமைப்பு சிறந்தது என்னும் வினாவுக்கு, படத்திலே எது இருக்கவேண்டும் என்று முதலில் தெளிந்துகொண்டபின்னரே விடை உண்டு.

அவ்வேளையில் அன்னையார் தாமாகவே பேசத் தொடங்கினார். எந்த வீட்டில் யார் இருந்தார், எந்தப் பனை யாருடையது, எம் தந்தையார் முதன்முதல் இவ்வளவுக்கு வந்தபோது படகிலே வேட்டி நனைந்து, இந்த மதிலுக்கு அப்பால் நின்று பிழிந்துகொண்டே உள்ளே எட்டிப்பார்த்தது எவ்வாறு என்றெல்லாம் சொல்லலானார். மருமகன் விரைந்து வீடியோ எடுக்கத் தொடங்கினான். அன்னையார் இருபது நிமிடம் பேசினார். முடிவிற் பார்த்தால், கருவி பத்தாம் நிமிடத்திலேயே நின்றுவிட்டிருந்தது. இடம் போதவில்லை. எம் தந்தையாரின் கதை பின்பாதியிலே இருந்தது.

காரணம் எளிது. மிக உயர்ந்தது எதுவோ அதுவே சிறந்தது என்று கருதி, நான்கு கே என்னும் அளவையும் செக்கனுக்கு 60 சட்டங்களையும் தெரிந்து வைத்திருந்தோம். அம்முறை எமது கருவியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 மெகாபைற் இடத்தை விழுங்கும். எஞ்சியிருந்த நான்கு ஜிகாபைற் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. 1920க்கு 1080 என்னும் அளவில், செக்கனுக்கு 30 சட்டங்களாக எடுத்திருந்தால் நிமிடத்துக்கு 60 மெகாபைற்றே ஆகியிருக்கும். ஒரு மணி நேரத்துக்கும் அதே இடம் போதியிருக்கும். ஒருவர் அமர்ந்து பேசுவதைப் பதிய அதற்குமேல் வேண்டியதில்லை. ஓட்டப்பந்தயத்துக்கும் பாயும் குதிரைக்குமே 60 சட்டங்கள் பயன்படும்.

அன்றிரவு உறவினர் வீட்டில் தங்கினோம். அங்கே மின்குமிழ் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் ஒளி அலையலையாகத் துடித்தது. நம் நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்று மாறுவது. அதனால் விளக்குகள் செக்கனுக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாமல் மங்கி எரியக்கூடும். திரை மூடும் வேகத்தை 50இல் அல்லது 100இல் ஒரு பங்காக வைத்தவுடன் துடிப்பு நின்றது. இராக்காலப் படங்களுக்குரிய அமைப்பிலோ கருவி இரண்டு மூன்று செக்கன் ஒளியைச் சேகரிக்கும். அதுவரை கையைச் சுவரிலேனும் தூணிலேனும் ஊன்றி, அசையாது பிடிக்கவேண்டும்.

மறுநாட் காலை மறுபடி மதிலடிக்குச் சென்றோம். இம்முறை பயனற்ற பதிவுகளை அழித்து இடமொதுக்கினோம். பேச்சின் நடுவே அழைப்பு வந்து குழப்பாதிருக்க விமானப் பயண அமைப்பை இட்டோம். காற்று ஒலிவாங்கியில் மோதாதவாறு மதிலின் மறைவிலே அன்னையாரை அமர்த்தி, இரண்டு முழத் தொலைவிற் கருவியைப் படுக்கைவாட்டில் ஒரு கல்லின்மேல் நிறுத்தினோம். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்ளலாம். குரல் கேட்காத வீடியோவினாற் பயனில்லை. எல்லாம் செவ்வனே அமைந்தது. ஆனால் அன்னையார், “அதுதானே நேற்றுச் சொன்னனான்” என்று தந்தையாரின் கதையை இரண்டே வசனங்களில் முடித்துவிட்டார். முதல்நாள் அவர் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பு மீண்டும் வரவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

ஊர் திரும்பியதும், எடுத்தவற்றைத் தமக்கையாருக்கு வட்ஸ்அப் மூலம் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினோம். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தெளிவு குன்றும். கணினியில் ஒரு பிரதியும் தனித் தட்டில் ஒரு பிரதியும் வைத்தோம். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்த பிழையை ஒருமுறை செய்துவிட்டோமல்லவா!

மதிலருகே நிற்கும் படத்தைத் தாளிலே அச்சிட்டு, சட்டமிட்டு, தந்தையாரின் படத்துக்குப் பக்கத்திலே மாட்டினோம். அன்னையார் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் முன்னே அமர்ந்தார். தம் முகத்தை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

“மதில் தெரியுது,” என்றார். “காணும்.”

வாசகர்களே! உங்கள் வீட்டிலும் கதை சொல்லும் முதியோர் இருப்பார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே கண்ணாடிவில்லையைத் துடையுங்கள். அழகூட்டும் அமைப்பை நிறுத்துங்கள். இடம் இருக்கின்றதா என்று பாருங்கள். பின்னர் அவர்கள் அருகே அமர்ந்து, ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் முதன்முறை சொல்லும்போது வரும் சிரிப்பைத் தவறவிடாதீர்கள்.