வேரோடு, தலைகீழாக

திருவண்ணாமலையின் மலை ஒரு காலத்தில் பாறையும் புல்லுமாகக் கிடந்தது. கோடை வந்தால் தீ. 1980களின் கடைசியில் மரம் நடுகிறவர்கள் கிளம்பினார்கள். இன்று சரிவுகளில் நிழல் விழுகிறது. முன்பு காட்டுக்குப் பகை என்றால் தீ, ஆடு, விறகுக் கத்தி. அவை போய்விடவில்லை. ஆனால் காட்டைக் காப்பவர்கள் இன்று அதிகம் திட்டுவது உண்ணிச்செடியைத்தான்.

*

பார்க்க அழகு. நடுவில் மஞ்சள், சுற்றிலும் ரோஸ். நாலு பட்டைத் தண்டு, கையைக் கிழிக்கும் முள், கசக்கினால் ஒரு நாற்றம். காய் கறுத்ததும் சின்னான் குருவி தின்று, அடுத்த புதரில் உட்கார்ந்து விதையைப் போடும். மாடு இலையைத் தின்றால் ஈரல் கெட்டு, வெயிலில் தோல் புண்ணாகும். தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி; வெள்ளைக்காரர்கள் பூந்தோட்டத்துக்கென்று கொண்டுவந்தது. தோட்டத்தில் நிற்கவில்லை.

*

மேலே வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். எரித்தாலும் அப்படியே. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு சொன்ன வழி ஒன்று உண்டு: துளிர்விடும் தூருக்குக் கீழே, மண்ணுக்குள் ஓரிரு அங்குலம் இறக்கி வேரை அறுக்க வேண்டும். பிறகு செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், தூர் மண்ணைத் தொடாதபடி. மருந்து கிடையாது, மெஷின் கிடையாது.

செய்கிறவர்களைப் பார்த்தேன். ஒருவர் கவைக்கொம்பால் புதரைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து கடப்பாரையை இறக்குகிறார். பெரிய தூர் என்றால் மூச்சு வாங்கிவிடுகிறது. கூட இருந்த அம்மா சொன்னார்: "சும்மா மேல வெட்டிட்டுப் போனா, மழ வந்ததும் மறுபடி எங்களத்தான் கூப்புடுவீங்க சார்." காய்க்கும் முன்னால் செய்ய வேண்டும், அடுத்தடுத்த வருஷங்களிலும் வந்து நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். வெறும் இடமாக விட்டால் அதுவே திரும்ப வரும். உசில், வெப்பாலை, ஆத்தி என்று இந்த மண்ணின் மரங்களை வைத்துத்தான் இடத்தை அடைக்க முடியும்.

பேனர் கட்டி, போட்டோ எடுத்து, ஒரே நாளில் மலையைச் சுத்தம் செய்யும் முகாம்கள் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த ஆடியில் அந்தப் பேனர்காரர் யாரும் வரமாட்டார்.

*

தீக்கும் இதற்கும் உறவு உண்டு. புல்லில் பிடித்த தீ தரையோடு ஓடிப் போய்விடும். நடுவே காய்ந்த உண்ணிப்புதர் நின்றால் அது ஏணி. தீ மரத்தின் தலைக்கு ஏறிவிடும். கார்த்திகை தீபத்தன்று மலை பெரும்பாலும் ஈரமாக இருக்கும். பயம் மாசி, பங்குனியில்தான்.

*

பூச்சியை விட்டுச் செடியை ஒழிக்கும் வித்தை நம் ஊர்ப்பக்கம் பழசு. அதுவும் தவறுதலாக நடந்தது. 1795இல் சிவப்புச் சாயத்துக்கான பூச்சி என்று நம்பி பிரேசிலிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு பூச்சி, சாயம் மட்டம். ஆனால் அது ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1830களில் தெற்கே கொண்டுவந்து வேண்டுமென்றே விட்டார்கள். அது தொடாத சப்பாத்திக்கள்ளிக்கு 1926இல் அதன் பேரினத்திலேயே இன்னொன்று வந்தது. வயல்வரப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த கள்ளி ஒடுங்கியது.

*

உண்ணிச்செடிக்கும் அதே ஆசை. 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சிறு பூச்சி டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. அடைத்துவைத்துச் சோதித்தபோது தேக்குப் பூவையும் தின்றது. தேக்கு அரசாங்கத்தின் பணம். எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்றார்கள். 1951இல் அதே பூச்சி வெளியே புதர்களில் உலாவியது! எப்படியோ தப்பியிருக்கிறது. நல்லவேளை, தேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. உண்ணிச்செடிக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

*

வெளியிலிருந்து வந்தது உண்ணிச்செடி மட்டுமல்ல. சீமைக்கருவேலம் காமராஜர் காலத்தில் வந்தது என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். 1870களிலேயே மதராஸ் வன அதிகாரி பெடோம் விறகுப் பஞ்சத்துக்காக விதை கேட்டு வாங்கியிருக்கிறார். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைப் பிடுங்கச் சொன்னது; கொஞ்ச நாளில் அந்த வேலைக்கே தடை வந்தது. 2022இல் மாநில அரசு அந்நியச் செடிகளுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. முதுமலையில் வெட்டும் மஞ்சக்கொன்றை என்ற அந்நிய மரம் காகித ஆலைக்குப் போகிறது. நம் மலையின் உண்ணித் தண்டுக்கு அப்படி வாங்க ஆள் இல்லை.

*

ஜவ்வாது மலை நம் மாவட்டம். சந்தனத்துக்குப் பேர் போனது. சந்தன மரத்துக்கு ஒரு கொடிய நோய் உண்டு, 1899இல் குடகில் முதலில் கண்டது. இலை சிறுத்து, விறைத்து, கிளை முழுக்க ஈட்டி முனைகளாக நிற்கும். இரண்டு மூன்று வருஷத்தில் மரம் போய்விடும். எழுபது வருஷம் தேடி 1969இல்தான் ஒரு நுண்ணுயிரியைக் காட்டினார்கள். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி அதைச் சுமந்து போகிறது. மருந்து இன்றுவரை இல்லை. இந்த நோய்க்கு உண்ணிச்செடிதான் காரணம் என்று அந்தக் காலத்தில் வாதாடியவர்களும் உண்டு. அந்தப் பழி மட்டும் அதன் மேல் நிற்கவில்லை.

*

பெங்களூர் ரோட்டு நர்சரி ஒன்றில், பிளாஸ்டிக் கவரில் மஞ்சள் பூவோடு அதே உண்ணிச்செடி. "இது குட்டை ரகம் சார், பரவாது" என்றார் கடைக்காரர். காய் பிடித்திருந்தது.