இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் நான்கு



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, காணிக்கைக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நமது வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் உள்ளே வந்து, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடப்பட்ட ஓர் அட்டையை மேசைமேல் வைத்தார். இந்தியக் கிரிக்கெட் வீரர் ஒருவரின் படம். உறையின் தலைப்பில் 7 என்ற எண்.

"பத்து வரும் என்று நம்பியிருந்தேன் ஐயா. ஏழுதான் போட்டிருக்கிறார்கள்."

சூயிங்கத்தோடு கிரிக்கெட் அட்டை கிடைத்த காலத்தில் வளர்ந்தவன் நான். அவற்றை ரப்பர் வளையத்தில் கட்டிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு திரிந்தோம். அப்படிப்பட்ட ஓர் அட்டையை அமெரிக்காவிலிருக்கும் தாய்மாமன் வழியாகத் தரம் பார்க்க அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து, வந்த எண்ணைக் கண்டு ஒருவர் உணவு கொள்ளாமல் இருப்பார் என்பதை நம்ப எனக்குச் சற்று நேரம் பிடித்தது. எனினும் அவர் விளக்கிய செய்தி என்னை விட்டு அகலவில்லை. ஆகையால் உங்களுக்கும் சொல்லுகிறேன், பொறுமையாய்க் கேளுங்கள்.

விளையாட்டு வீரர்களின் அட்டைகளை ஆராய்ந்து, ஒன்று முதல் பத்து வரை எண் கொடுத்து, உறையிலிட்டு முத்திரை வைப்பதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. அவற்றுள் பெயர்பெற்ற பி.எஸ்.ஏ. 1991-ல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய டேவிட் ஹால் என்பவர், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பழைய நாணயங்களுக்குத் தரம் சொல்லும் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். அட்டையில் அவர்கள் நோக்குவன முக்கியமாக நான்கு: மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, சென்டரிங். சென்டரிங் என்பது படம் அட்டையின் நடுவில் அமைந்திருக்கிறதா என்பது. படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்பு இடமும் வலமும், மேலும் கீழும் சமமாயிருந்தால் அது ஐம்பதுக்கு ஐம்பது. முன்பக்கத்தில் 55-க்கு 45 வரை விலகினால் பத்து பெறலாம். 60-க்கு 40 என்றால் ஒன்பது. 65-க்கு 35 என்றால் எட்டு. 70-க்கு 30 என்றால் ஏழு. பின்பக்கத்திற்குச் சலுகை மிகுதி: பத்து பெறும் அட்டையிலும் அங்கே 75-க்கு 25 வரை பொறுத்துக்கொள்வார்கள். (முதுகைவிட முகத்தை அதிகம் பார்ப்பது உலக வழக்கம்தானே.)

தம்பி அளவுகோலை எடுத்து வைத்துக் காட்டினார். இடப்பக்க விளிம்பு இரண்டு மில்லிமீட்டர், வலப்பக்கம் நான்கு. இரண்டும் சேர்ந்த ஆறில் அவர் விரும்பிய பத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 2.7-ம் 3.3-ம். அவருடைய அட்டையின் மூலைகள் ஊசிபோல் கூராயிருந்தன. மேற்பரப்பில் ஒரு கீறலும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்த நாள் முதல் அவர் அதை வெறுங்கையால் தொட்டதே இல்லையாம்.

"நான் என்ன தப்பு செய்தேன் ஐயா?" என்றார்.

பிரியமானவர்களே, இந்தக் கேள்விதான் என்னை நிறுத்தியது. மூலை மழுங்கினால் அது வைத்திருந்தவரின் கவனக்குறைவு. மேற்பரப்பில் கீறல் விழுந்தால் யாரோ உரசியிருக்கிறார்கள். விளிம்பு ஒருபுறம் சரிந்ததற்கோ அட்டையும் பொறுப்பல்ல, அதைக் காத்தவரும் பொறுப்பல்லர். பல அட்டைகளை ஒரே பெரிய தாளில் அச்சிட்டு, பின்பு கத்தியால் வெட்டிப் பிரிக்கிறார்கள். அச்சு சற்று நகர்ந்திருந்தாலோ, வெட்டும்போது தாள் இம்மியளவு தள்ளி அமர்ந்தாலோ, அந்தக் கட்டிலுள்ள அத்தனை அட்டைகளும் சரிந்தே பிறக்கும். நமது சபை நாட்காட்டியை அச்சிடும் அச்சகத்தாரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கத்தி விலகினால் தாள் என்ன ஐயா செய்யும்?" என்றார்.

தம்பிக்கு வேறொரு யோசனையும் இருந்தது. உறையை உடைத்து, வலப்பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டரை நறுக்கிவிட்டால் இரு விளிம்பும் சமமாகிவிடுமே! பாதி விளையாட்டாய்த்தான் சொன்னார். ஆனால் அவருக்கே விடை தெரியும். இத்தகைய அட்டையின் அகலம் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மில்லிமீட்டர். நறுக்கியது அளவில் தெரிந்துவிடும். நறுக்கப்பட்டது தெரிந்தால் ஏழுமில்லை, ஒன்றுமில்லை. எண்ணே கொடாமல் திருப்பி அனுப்புவார்கள். அளப்பவர்களே ஏமாந்ததும் உண்டு. ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை, 1909-க்கும் 1911-க்கும் இடையில் சிகரெட் பெட்டிகளோடு கொடுக்கப்பட்ட வரிசையைச் சேர்ந்தது, உலகிலேயே மிகுந்த விலைபெற்ற அட்டைகளுள் ஒன்று. பி.எஸ்.ஏ. முதன்முதலாகத் தரமிட்டதே அந்த அட்டைதான். எட்டு என்று எண் கொடுத்தது. 2007-ல் அது 28 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. முன்னொரு காலத்தில் அதைக் கைவசம் வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ என்ற வணிகர், அதன் ஓரங்களை நறுக்கியதைத் தாம் மறைத்ததாக 2013-ல் ஒப்புக்கொண்டார். அத்தனை பெருமையும் ஒரு கத்தரிப்பின்மேல் நின்றிருந்தது.

தங்கள் விளிம்பை நறுக்கிக்கொண்டவர்களை நான் சபையில் பார்த்திருக்கிறேன். பிறந்த தெருவின் பெயரைச் சொல்லாதவர்கள். படித்த பள்ளியை மாற்றிச் சொல்லுகிறவர்கள். விருந்துகளில் தாயைப் பின்வரிசையில் அமர்த்துகிறவர்கள். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தவர்கள் யார் என்பதை எண்ணிப்பார்க்கிறேன்.

இங்கே நான் என்னைக் குறித்தே சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. சம்பந்தப்பட்ட தாயின் அனுமதியைப் பெற்று, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

தம்பி எனக்குச் சொன்ன நுணுக்கங்களுள் இதுவும் ஒன்று: மற்ற எல்லாவற்றிலும் ஒன்பதுக்குத் தகுதியாயிருந்து, மைய அமைவில் மட்டும் தவறிய அட்டைக்குச் சில வேளைகளில் 9 என்றே எண் கொடுத்து, அருகில் 'ஓ.சி.' என்று இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பார்களாம். நடுவிலிருந்து விலகியது என்று பொருள். எண் ஒன்பதுதான், ஆனால் அந்த இரண்டு எழுத்துகளைக் கண்ட மாத்திரத்தில் வாங்குகிறவர்கள் மதிப்பை இரண்டு படி இறக்கிவிடுவார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஒரு கடிதம் நினைவுக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், நமது சபையின் பெண் ஒருவருக்கு வேறோர் ஊரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி என்னிடம் நற்சான்று கேட்டு எழுதினார்கள். நான் நேர்மையாகவே எழுதினேன். பக்தியுள்ளவர், ஓய்வுநாள் பள்ளியில் சிறுவருக்குக் கற்பிக்கிறவர், பாடகர் குழுவில் தவறாதவர், செவிலியர் படிப்பை நன்றாய் முடித்தவர் என்று எழுதினேன். பின்பு "ஆனால்" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டவர் என்றும், தாயார் கூலிவேலை செய்து வளர்த்தவர் என்றும் எழுதி முடித்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அவர்கள் அதை என்னிடம் கேட்கவுமில்லை. வரன் வந்த வழியே திரும்பிப் போயிற்று. உண்மையைத்தானே எழுதினேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதற்குமேல் அதைப்பற்றி நினைக்கவில்லை. அந்தத் தாயார் எழுதிய கணக்கில் கழிந்தவற்றையெல்லாம் மகள் பெயரில் நான் பற்று வைத்தேன் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

தம்பி வந்துபோன அதே வாரத்தில், புதுச்சேரியிலிருந்து நாணயம் சேகரிக்கும் நண்பர் ஒருவர் நமது ஊருக்கு வந்தார். 2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை மராட்டியரின் மற்றக் கோட்டைகளோடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து, இருபது ஆண்டுகளாக வராத நண்பர்களெல்லாம் வருகிறார்கள்! இராஜகிரியில் பாதி ஏறி மூச்சு வாங்கி அமர்ந்தபோது, அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு தாளுறையை எடுத்தார். உள்ளே ஒரு வெள்ளி ரூபாய்.

"இது உங்கள் ஊரில் அடித்தது" என்றார்.

1690-ல் தொடங்கிய முற்றுகையின் முடிவில், 1698-ல் ஔரங்கசீபின் தளபதி சுல்பிகார்கான் இந்தக் கோட்டையைப் பிடித்தார். செஞ்சிக்கு நுஸ்ரத்கட் என்று புதுப்பெயர் வந்தது. அந்தப் பெயரில் இங்கே நாணயச்சாலையும் நடந்தது. அக்காலத்தில் நாணயம் அடிப்பது கைவேலை. கீழ் அச்சின்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேல் அச்சை அதன்மேல் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். வில்லையைவிட அச்சு அகலமானது. ஆகையால் எழுத்து முழுவதும் எந்தக் காசிலும் விழுவது அரிது. நண்பரின் காசில் எழுத்துகள் ஒருபுறமாய்ச் சரிந்திருந்தன. ஊரின் பெயரில் பாதி வெள்ளிக்கு வெளியே போய்விட்டது.

"அப்படியானால் இதற்கு மதிப்புக் குறைவா?" என்று கேட்டேன். ஏழு என்ற எண் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்றைக்குக் குறைவுதான், பெயர் முழுவதும் விழுந்த காசுக்கே சேகரிப்பவர்கள் அதிகம் கொடுப்பார்கள். அன்றைக்குச் சராப்பு கேட்டதெல்லாம் எடையும் வெள்ளியின் மாற்றும்தான். சரிந்திருக்கிறது என்று யாரும் தள்ளியிருக்க மாட்டார்கள்" என்றார்.

அங்கேயே, அந்தப் பாறையின்மேல் அமர்ந்தவாறே எனக்கு நமது ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்ட காசு நினைவுக்கு வந்தது. மத்தேயு 22-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் வாசித்துப் பாருங்கள். வரிக்காசு ஒன்றைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவமும் மேலெழுத்தும் யாருடையவை என்று மட்டும் அவர் கேட்கிறார். ரோமரின் தெனாரியமும் சம்மட்டியால் அடித்ததுதான். இராயனின் முகம் ஓரத்தில் ஒதுங்கியும், மேலெழுத்து பாதி அறுபட்டும் உள்ள தெனாரியங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆண்டவர் கையில் வாங்கிப் பார்த்த காசு எப்படி இருந்ததென்று சுவிசேஷகர் சொல்லவில்லை. எப்படி இருந்தாலும் அது இராயனுடையதே. முகம் சரிந்திருந்தால் அது அரைவாசி இராயனுடையது என்று யாரும் வாதிட்டிருக்க முடியாது. அப்படியென்றால் ஆதியாகமம் முதலாம் அதிகாரம் சொல்லுகிற சாயலைச் சுமந்து நிற்கிற ஒருவரைப் பற்றி நான் எழுதிய அந்த "ஆனால்" எந்த நாணயச்சாலையின் கணக்கு?

யோவான் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், குற்றம் இவனுடையதா, இவனைப் பெற்றவர்களுடையதா என்று கேட்கிறார்கள். வழியில் அமர்ந்திருந்த மனிதனின் காதில் அது விழும் என்ற நினைப்புக்கூட அவர்களுக்கு இல்லை. ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிட்டு, தரையில் குனிந்து சேறு உண்டாக்குகிறார்.

இதனால் வாழ்க்கையில் எதற்கும் கணக்கே இல்லை என்று நான் சொல்லுகிறேன் என்று எண்ணாதிருங்கள். ஆமோஸ் கண்ட தூக்குநூல் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மூலையையும் ஓரத்தையும் மேற்பரப்பையும் நாம் எப்படிக் காத்தோம் என்பதற்கு உத்தரவு சொல்லியாக வேண்டும். அட்டைக்கு எண் கொடுக்கிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அது காகிதம், அவர்கள் விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் நிற்கிறவர்கள். கத்தி விலகிய கணக்கை மனிதர்மேல் எழுதுகிற வழக்கத்தைத்தான் சொல்லுகிறேன். அதைச் செய்தவன் நான்.

அடுத்த நாள் மாலை அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனேன். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் மழையைப் பற்றியும் மணிலாக் கொட்டை விலையைப் பற்றியும் சிறிது நேரம் பேசினேன். பின்பு கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும் ஐயா. அன்றைக்கே அவர்கள் எனக்குக் காட்டினார்கள்" என்றார்.

இத்தனை ஆண்டுகளும் மூன்றாவது வரிசையில் அமர்ந்து என் பிரசங்கத்தைக் கேட்டு, என் கையிலிருந்து அப்பமும் பாத்திரமும் பெற்றுக்கொண்டவர் அவர். ஒரு நாளும் முகம் திருப்பியதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மகளுக்கு இன்னோர் இடத்திலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள் என்றார். "உங்களிடம் கடிதம் கேட்பார்கள் ஐயா."

அவர் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து, பேரப்பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதினேன். எட்டு வரிகள் வந்தன. அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான்காம் வரியில், "அவள் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறாள், அதையும் போடுங்கள்" என்றார். சேர்த்தேன். உறையை ஒட்டாமல் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.