மகாபலிபுரம் ரெண்டு டிக்கெட்

கொட்டிவாக்கத்தில் இருந்துகொண்டு மகாபலிபுரம் போக ஒரு மாதமாகத் திட்டம் போடுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வகுப்பில் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள். ஈ.சி.ஆரில் தெற்குப் பக்கம் பஸ் ஏறினால் சுமார் 45 கிலோமீட்டர், அவ்வளவுதான். பைக்கிலேயே ஏழெட்டு முறை போயிருக்கிறேன். கடற்கரை, வறுத்த மீன், வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்கிப் பிடிப்பது போல ஒரு போட்டோ (எல்லோரும் எடுப்பார்கள், நானும் எடுத்தேன்), வீட்டுக்குத் திரும்பு. இதற்கு எதற்குத் திட்டம்?

இந்த முறை கூட வரப்போவது தாத்தா. அதனால்தான்.

தாத்தா பல்லவன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். 1974-ல் வேலைக்குச் சேர்ந்தார். நடுவில் சில வருடங்கள் மகாபலிபுரம் ரூட். "பல்லவன் பஸ்ல பல்லவன் ஊருக்கு ஆள் ஏத்தினேன்டா" என்பது எங்கள் வீட்டில் ஐம்பது வயதான ஜோக். ஆனால் அந்த ஊரில் அவர் ஒரு சிற்பத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பது எனக்கு இரண்டு மாதம் முன்பு வரை தெரியாது.

மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்ட் தலசயனப் பெருமாள் கோவிலுக்கு முன்னால் இருந்தது. அந்தக் கோவிலுக்குப் பின்பக்கம் போனால் அர்ச்சுனன் தபசு பாறை. மெதுவாக நடந்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. பஸ் வந்து நின்றதும் ஜனங்கள் இறங்கி அந்தப் பக்கம் போவார்களாம். தாத்தா கணக்கு எழுதுவார், டீ குடிப்பார், விசில் கொடுப்பார்.

"ஒரு தடவைகூடப் போகலையா தாத்தா?"

"நாளைக்கும் இதே ரூட்தானேன்னு விட்டுட்டேன்டா. அப்புறம் ரூட் மாத்திட்டாங்க."

இரண்டு மாதம் முன்பு தாத்தா கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். அதே வாரத்தில் இரண்டாவது முறையும் இடித்தபோதுதான் அம்மா கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிறது. வலி இருக்காது. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும், நடுப் பார்வை நன்றாகவே இருக்கும், அதனால் ஆளுக்கே தெரியாது. போனது திரும்பாது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றத்தான். தாத்தா தினத்தந்தியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படிக்கிறார், பக்கத்தில் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிடுகிறார். குழாய் வழியாகப் பார்ப்பது போல என்று டாக்டர் சொன்னாராம்.

அன்று ராத்திரி தாத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பாறையில பூனை ஒண்ணு தவம் பண்ணுதாமே, நெசமா? டூரிஸ்ட்டுங்க சொல்லிச் சிரிப்பாங்க."

நிஜம்தான். முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனை தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். ஏழு முறை போன நான் அதை ஒழுங்காகப் பார்த்தேனா என்று யோசித்தேன். இல்லை.

என் முதல் திட்டத்தைச் சொன்னால் வெட்கம். நோட்டில் பதினோரு இடங்கள். ஐந்து ரதம், கடற்கரைக் கோவில், கலங்கரை விளக்கம், வராக மண்டபம், வழியில் சாளுவன்குப்பம் புலிக்குகை, அதற்குப் பக்கத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுத்த முருகன் கோவில் என்று வரிசையாக எழுதியிருந்தேன். தாத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ட்ரிப் ஷீட் மாதிரி இருக்கு" என்றார். கிழித்துப் போட்டேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக ஒரு வெள்ளோட்டம் போனேன். (அன்று எனக்கு ப்ராக்சி கொடுத்த புண்ணியவானுக்கு நன்றி. பெயர் சொல்ல மாட்டேன். :-)) கையில் ஒரு சார்ட் பேப்பர். அதைக் குழாயாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்து, இன்னொரு கண்ணை மூடிக்கொண்டு பாறையைப் பார்த்தேன். இளநீர்க்காரர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு செய்துவிட்டார்.

பாறை சுமார் 90 அடி நீளம். கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றால் குழாய்க்குள் பெரிய யானையின் காது மட்டும்தான் தெரிகிறது. பின்னால் வரவர முகம், தந்தம், அடியில் குட்டிகள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வந்தபோதுதான் யானை முழுசாக உள்ளே வந்தது. ஆக, தாத்தாவை முதலில் தூரத்தில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து நடுவில் இருக்கும் பிளவைக் காட்டி, நாகர்களைக் காட்டி, இடது பக்கம் ஒற்றைக்காலில் விலா எலும்பு தெரிய நிற்பவரைக் காட்டி, அதன் பிறகு பக்கத்தில் கூட்டிப் போய்ப் பூனை. நின்று தவம் செய்பவர் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவந்த பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தாத்தா இதைக் கேட்டால் ஒரு மணி நேரம் தீர்ப்பு சொல்வார், அதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.

நேரமும் முக்கியம். பாறை கிழக்கைப் பார்த்தது. காலையில் வெயில் நேராக முகத்தில் விழும்போது ஒவ்வொரு கோடும் தெரிகிறது. மத்தியானத்துக்கு மேல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், நல்ல கண்ணுக்கே சிரமம். நாங்கள் எப்போதும் மூன்று மணிக்குத்தான் போய்ச் சேர்வோம்!

பாறையை ரோட்டில் நின்றே பார்க்கலாம், டிக்கெட் வேண்டாம். கடற்கரைக் கோவிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து இந்தியர்களுக்கு 40 ரூபாய். ஏப்ரல் 18, உலகப் பாரம்பரிய தினத்தில் இலவசமாக விடுவார்கள். எனக்குக் கை அரித்தது, ஆனால் அன்றைக்குக் கூட்டம் நெரியும். ஓரத்தில் வரும் ஆளே தெரியாதவரைக் கூட்டத்தில் நடத்துவது முடியாத காரியம். காணும் பொங்கல், சனி, ஞாயிறு எல்லாம் இதே காரணத்தால் அவுட். ஐந்து ரதத்தையும் விட்டுவிட்டேன். ஒரே பாறையில் குடைந்த கோவில்கள், அந்த யானை, எல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் மணல், அங்கங்கே கல். கடற்கரைக் கோவிலை மட்டும் தாத்தாவுக்கு முடிந்தால் என்று அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்பா கார் எடுக்கிறேன் என்றார். தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. பஸ்தான், அதுவும் ஜன்னலோர சீட். அம்மாவுக்குப் பயம், படியில் தடுக்கிவிட்டால்? "பஸ் படி எனக்குக் கண்ணு வேணாம், காலுக்கே தெரியும்" என்கிறார். இது ஒன்றில் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. நான் தாத்தா கட்சி.

வரும் புதன்கிழமை, காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். தண்ணீர், தொப்பி, சொட்டு மருந்து, இட்லி பொட்டலம் எல்லாம் நோட்டில் இருக்கிறது. திரும்பி வரும் பஸ் நேரம் மட்டும் எழுதவில்லை. நேற்று தாத்தா அதைத்தான் இரண்டு முறை கேட்டார்.

"விசில் நீங்கதான் தாத்தா குடுக்கணும்" என்றேன்.

(புதன்கிழமைக்கு ஒரு ப்ராக்சி வேண்டும், மக்களே.)